தொட்டிக்கரி: அடுப்புக்கு ஒரு சூடு, மின்சாரத்துக்கு ஒரு சூடு

காங்கேயம், வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் தேங்காய்க் களங்கள் நிறைய. தேங்காயை உடைத்து வெயிலில் காயப்போட்டு, பருப்பைக் கழற்றி எண்ணெய் ஆலைக்கு அனுப்பியது போகக் களத்தில் குவிந்து கிடப்பது தொட்டி. மற்ற ஊர்க்காரர்கள் கொட்டாங்குச்சி, சிரட்டை என்பார்கள். இதைச் சுட்டுக் கரியாக்கி விற்பது இங்கே தனித் தொழில். அந்தக் கரிதான் தொழிற்சாலையில் நீராவி பட்டு ஆக்டிவேட்டட் கார்பன் ஆகிறது. குடிநீர் வடிகட்டி முதல் தங்கச் சுரங்கம் வரை போகிறது.

என் மாமாவின் களத்தில் கிடைக்கும் தொட்டியை வைத்து இரண்டு காரியம் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். ஒன்று, புகையை வீணாக்காமல் கரி சுடுவது. இன்னொன்று, அதே கரியைக் கொண்டு மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் கட்டுவது. இரண்டும் நடந்தன. வேலை போகப் போக எனக்குத் தெளிவானது இதுதான்: கரி எல்லாம் ஒரே சரக்கு கிடையாது. எந்தச் சூடு வரைக்கும் போய் வந்திருக்கிறது என்பதுதான் அது அடுப்புக்கா, மின்சாரத்துக்கா என்று முடிவு செய்கிறது. பார்க்க எல்லாம் ஒரே கறுப்பு. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்கிறது.

புகையின் கணக்கு

நன்றாகக் காய்ந்த தொட்டி ஒரு கிலோவை எரித்தால் ஏறக்குறைய 19 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். குழியில் சுடும்போது மூன்று கிலோவுக்குச் சற்று மேல் தொட்டி போட்டால் ஒரு கிலோ கரி தேறும். அந்த ஒரு கிலோ கரியில் இருப்பது சுமார் 30 மெகாஜூல். உள்ளே போட்டதோ 60-க்கு மேல். அதாவது, பாதி வெப்பம் வெள்ளைப் புகையாக வானத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் புகையில் தார், அசிட்டிக் அமிலம், மெத்தனால், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் எல்லாம் இருக்கின்றன. எரிய வேண்டிய சரக்கு எரியாமல் போவதால்தான் அது புகையாகத் தெரிகிறது, கண்ணை எரிக்கிறது.

இன்னொரு பக்கம், வெந்த கரியை அணைக்க ஊற்றும் தண்ணீர். அது கறுத்து, தார் கலந்து மண்ணுக்குள் இறங்கினால் பக்கத்துக் கிணறு கெட்டது. தொட்டிக்கரி ஆலைகளை எதிர்த்து இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் போராடியதற்குக் காரணம் இதுவும்தான். ஆகவே டிரம் செய்யும்போதே இரண்டு விஷயத்தை உறுதியாக வைத்துக்கொண்டேன்: புகை வெளியே வரக்கூடாது, ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது.

டிரம்

மேலே தீ வைத்து, கீழிருந்து காற்று ஏறும் முறை இது. சாதாரண அடுப்பில் அடியில் தீ இருக்கும், புகை மேலே போகும். இதில் தீ மேலே. அது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். தீக்குக் கீழே இருப்பது இன்னும் வேகாத தொட்டி, மேலே இருப்பது வெந்த கரி. தொட்டியிலிருந்து கிளம்பும் வாயு சூடான கரிப் படுகை வழியாக ஏறி, டிரம் வாயில் புதுக் காற்றைச் சந்தித்து அங்கே எரிகிறது. கீழே வரும் காற்றைக் குறைவாகவே விடுவதால் உள்ளே கரி எரிந்து தீர்ந்துவிடாது.

200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று வாங்கினேன். சமையல் எண்ணெய் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்குவது முக்கியம். ரசாயனம் வந்த டிரம்மைத் தீயில் வைக்கக்கூடாது. முதலில் வெறும் டிரம்மில் விறகைப் போட்டு எரித்துப் பெயிண்ட் முழுவதையும் போக்கினேன். அடியில் அரை அங்குல டிரில் பிட்டால் நாற்பதுக்கு மேல் துளைகள், பரவலாக. மூன்று செங்கல் மேல் டிரம்மை உட்கார வைத்தால் துளைகளுக்குக் காற்று போகும். மூடிக்கு இன்னொரு டிரம்மின் மேல் தகட்டை வெட்டி, நடுவில் ஆறு அங்குல வட்டம் எடுத்து, அதில் நாலடிப் புகைபோக்கி வைத்து வெல்டிங். மூடிக்கும் டிரம் வாய்க்கும் நடுவே விரற்கடை அளவு இடைவெளி இருக்கும்படி மூன்று இடத்தில் இரும்புத் துண்டு ஒட்டினேன். வாயுவை எரிக்கும் காற்று அந்த இடைவெளியில்தான் நுழைகிறது. இந்த ஒரு இடம் சரியாக அமைந்தால் மீதி எல்லாம் தானாக நடக்கும். இடைவெளி குறுகினால் கறும்புகை வரும். அதிகமானால் குளிர்காற்று நிறையப் புகுந்து சுடர் அணைந்து வெள்ளைப் புகை வரும்.

அரைத்தொட்டிகளை அப்படியே கொட்டினால் சில இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும், சில இடத்தில் பெரிய சந்து விழும். தீ சந்து வழியாகச் சட்டென்று கீழே ஓடிவிடும். அதனால் சம்மட்டியால் ஒரு தட்டுத் தட்டி உடைத்துப் போடுவதுதான் நல்லது. டிரம்முக்குச் சுமார் 45 கிலோ பிடிக்கிறது. மேலே பன்னாடையும் காய்ந்த பாளைத் துண்டுகளும் பரப்பி நாலைந்து இடத்தில் பற்ற வைத்து, மேல்பரப்பு முழுக்கத் தீ பிடித்ததும் மூடியை வைக்க வேண்டும். புகைபோக்கி சூடேறி இழுக்கத் தொடங்கியதும் உறுமுகிற சத்தம் வரும். அதற்கப்புறம் புகை கிடையாது. மேலே கானல் மட்டும் ஆடும்.

ஆனி, ஆடிக் காற்றில் இந்த வேலை ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று சுடரை ஒரு பக்கமாகத் தள்ளி, டிரம்மின் ஒரு பாதி வெந்து மறுபாதி பச்சையாக நிற்கும். தகரத் தடுப்பு வைத்தால் சமாளிக்கலாம்; என்றாலும் காலை ஏழு மணிக்கு முன் பற்ற வைத்துவிடுவதுதான் உத்தமம்.

ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் தீ அடிக்கு வந்துவிடும். அதற்கு இரண்டு அடையாளம். புகைபோக்கிக்குள் மஞ்சளாக இருந்த சுடர் குட்டையாகி நீலமாகும். வாயு தீர்ந்து வெறும் கார்பன் மோனாக்சைடு எரிகிறது என்று பொருள். அடுத்து, குனிந்து செங்கல் சந்தில் பார்த்தால் அடித்துளைகள் வரிசையாகச் சிவப்பாகத் தெரியும். உடனே அடைத்துவிட வேண்டும். ஈரமணலைச் சமமாகப் பரப்பி வைத்திருந்து, இரண்டு பேர் குறுக்குக் கம்பியால் டிரம்மைத் தூக்கி அதன் மேல் வைத்து, சுற்றிலும் சேறு அப்பி, மேலே துளையில்லாத மூடி போட்டு அதன் விளிம்புக்கும் சேறு பூசினோம். காற்றில்லாமல் தானே அணையும். மறுநாள் காலையில்தான் திறக்கலாம். திறந்த கரியையும் உடனே சாக்கில் கட்டி வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடாது. புதுக்கரி காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சித் தானாகச் சூடேறும். குவியலாக இருந்தால் மறுபடி பற்றிக்கொள்ளும். தகர டின்னில் போட்டு வெட்டவெளியில் ஒரு நாள் வைத்திருந்த பிறகே மூட்டை.

45 கிலோவுக்குப் பத்து, பதினொரு கிலோ கரி வந்தது. குழிச் சூளையை விட இது குறைவு. கரியை மட்டும் விற்கிறவர்களுக்கு இந்த டிரம் நஷ்டம் என்பதை மறைக்க முடியாது. ஆனால் வெளியே வரும் வெப்பத்தைப் பாருங்கள். உள்ளே போனது 850 மெகாஜூல் சொச்சம்; கரியில் நின்றது 320 சுமார். மிச்சம் 530 மெகாஜூல் இரண்டு மணி நேரத்தில் புகைபோக்கி வழியாகச் சுத்தமான சுடராக வருகிறது. வீட்டு சமையல் வாயு சிலிண்டர் ஒன்றில் 14.2 கிலோ வாயு, கிலோவுக்கு 46 மெகாஜூல் என்றால் மொத்தம் 650. முக்கால் சிலிண்டருக்கும் மேலான வெப்பம் ஒவ்வொரு டிரம்முக்கும் வருகிறது. அந்த வெப்பத்துக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் இந்த முறைக்கு அர்த்தம்.

நான் கொடுத்த முதல் வேலை வெந்நீர். பழைய செம்பு பாய்லரில் நடுவே தீக்குழாய் போகுமே, அதே அமைப்பு. சின்ன இரும்பு டிரம் ஒன்றின் நடுவே ஆறு அங்குலக் குழாயைச் செருகி, நீர் ஒழுகாமல் வெல்டிங் செய்து, புகைபோக்கியின் மேல் பகுதியாக மாட்டினேன். பாரம் மூடியில் விழாதபடி அதற்குத் தனியாக ஆங்கிள் ஸ்டாண்ட். நூறு லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் தளதளவென்று கொதித்தது. எண்ணெய் டின் கழுவவும் குளிக்கவும் அது போதும். வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் தண்ணீர் பிடித்திருக்கும். மீதி இன்னும் மேலேதான் போகிறது.

எந்தக் கரி எதற்கு

களத்துக்குப் பக்கத்துச் சூளையில் காலமெல்லாம் கரி சுட்ட பெரியவர் ஒருவர் எங்கள் டிரம்மைப் பார்க்க வந்தார். ஒரு கைப்பிடி எடுத்து சிமென்ட் தரையில் உதிர விட்டார். "சத்தத்தக் கேளுங்க தம்பி. ணங்குன்னு கேட்டா வெந்துருச்சு. தொப்புன்னு விழுந்தா அது இன்னும் தொட்டிதானுங்க." பிறகு டிரம்மின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு, நடுவிலிருந்து ஒரு துண்டு, அடியிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தனித்தனியாகப் போட்டுக் காட்டினார். ஓரத்துத் துண்டு மந்தமாக விழுந்தது. நடுத்துண்டு கணீரென்றது. அடித்துண்டின் சத்தம் இன்னும் மெலிந்து, உலோகத் தகடு விழுந்ததைப் போல் கேட்டது.

அதே மூன்று துண்டுகளில் மல்டிமீட்டரை வைத்தேன். முனைகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. ஓரத்துத் துண்டில் மீட்டர் அசையவே இல்லை. மெகா ஓம் அளவையும் தாண்டிப் போனது. நடுத்துண்டில் சில நூறு ஓம். கடைசியில் செந்தணலாகக் கிடந்த அடித்துண்டில் ஒற்றை இலக்க ஓம். பெரியவரிடம் காட்டினேன். "உங்க மிஷினும் அதத்தானுங்க சொல்லுது," என்றார்.

காரணம் இதுதான். சுமார் 200 டிகிரியில் தொட்டி சிதையத் தொடங்கி, 400 தாண்டும்போது பெரும்பாலான வாயு கிளம்பி முடிந்திருக்கும். அப்போதே அது கறுத்துக் கரியாகிவிடும்; ஆனால் உள்ளே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒட்டிக்கொண்டே இருக்கும், மின்சாரம் பாயாது. 700 டிகிரியைத் தாண்டும்போது அவை உதிர்ந்து, கார்பன் அணுக்கள் அறுகோண வலையாக இணைந்து சிறு சிறு தகடுகளாகச் சேர்கின்றன. அந்தத் தகடுகள் ஒன்றையொன்று தொடத் தொடங்கியதும் எலக்ட்ரான் ஓட வழி கிடைக்கிறது. மோதினால் கணீர் என்பதும் அந்த இறுக்கத்தால்தான்.

அடுப்புக்கு நடுக்கரியே நல்லது. சீக்கிரம் பற்றும், புகை இருக்காது. ஓரத்துக் கரியில் இன்னும் ஆவிச்சத்து இருப்பதால் கொஞ்சம் புகையும். அதைத் திரும்ப அடுத்த டிரம்மின் மேல்பரப்பில் போட்டுவிடுகிறேன். அடிக்கரி பற்றுவதற்கு அடம்பிடிக்கும். பிடித்துவிட்டால் நெடுநேரம் நிற்கும். இஸ்திரி வண்டிக்காரர் ஒருவரிடம் மூன்றையும் கலக்காமல் கொடுத்துப் பார்த்தேன். நடுக்கரியும் அடிக்கரியும் பாதிக்குப் பாதி போட்டால் பெட்டி சீக்கிரம் சூடேறி, சாம்பல் தட்டாமலே அதிக நேரம் ஓடுகிறது என்று அவரே விகிதம் சொன்னார். தொட்டிக்கரியில் சாம்பல் ஒன்றிரண்டு சதவீதம்தான். வெள்ளைத் துணிக்கு மேல் பெட்டி போகும்போது இது பெரிய நிம்மதி.

உடைந்த தூள் வீணாக வேண்டாம். மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, கரித்தூளின் எடையில் ஆறேழு சதவீதம் மாவு வருகிற மாதிரி பிசைந்து, பிவிசி குழாய்த் துண்டில் அடைத்து மரக்கட்டையால் குத்தி வெளியே தள்ளினால் உருளைக் கட்டி. வெயிலில் நாலைந்து நாள். பசை கூடினால் எரியும்போது கஞ்சி கருகுகிற வாடை வரும். குறைந்தால் மூட்டைக்குள்ளேயே உதிரும்.

கரிக்குள் நிலம் திறப்பது

இனி மின்சாரத்துக்கு வருகிறேன். சூப்பர் கெப்பாசிட்டரில் ரசாயன மாற்றம் பெரிதாக எதுவும் இல்லை. உப்புக் கரைசலில் இரண்டு கரி மின்வாய்களை வைத்து வோல்டேஜ் கொடுத்தால், எதிரெதிர் அயனிகள் ஒவ்வொரு கரியின் மேற்பரப்பிலும் ஒட்டி வரிசையாக நிற்கும். இந்த இரட்டை அடுக்கைப் பற்றி ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே எழுதிவிட்டார். நுண்துளைக் கரியில் இதைப் பயன்படுத்தி மின்சாரம் சேமிக்கலாம் என்று ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் காப்புரிமை வாங்கியது 1957-இல். அதைச் சூப்பர் கெப்பாசிட்டர் என்ற பெயரில் கடைக்குக் கொண்டு வந்தது ஜப்பானின் என்.இ.சி. இன்றைக்கும் இந்தத் தொழிலில் பெயர்பெற்ற கரிகளில் ஒன்று ஜப்பானின் குராரே நிறுவனத்தின் ஒய்.பி-50; அது தேங்காய்த் தொட்டியிலிருந்து செய்வது. இலங்கையின் ஹேகார்ப் நிறுவனமும் தொட்டிக்கரியிலிருந்துதான் ஆக்டிவேட்டட் கார்பன் செய்கிறது.

ஒட்டி நிற்க இடம் வேண்டும், அதுதான் விஷயம். நன்றாக ஆக்டிவேட் ஆன தொட்டிக்கரி ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் உட்பரப்பு இருக்கும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம், ஒரு கிராமுக்குள். சும்மா சுட்ட கரியில் அந்த நிலம் தார் படிந்து மூடிக் கிடக்கிறது. நீராவி போய்த்தான் அதைத் திறக்க வேண்டும்.

செந்தணலான கரி மேல் நீராவி பட்டால் ஒரு கார்பன் அணுவும் ஒரு நீர் மூலக்கூறும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆகும். அணு அணுவாகக் கரி அரிபட்டுத் துளை விழும். இதற்கு 800 டிகிரிக்கு மேல் வேண்டும். ஊர்க் கொல்லுப்பட்டறையில் உலையை வாடகைக்குக் கேட்டேன். உலைக்கு எரிபொருளும் எங்கள் கரியே. இரண்டு அங்குலக் கறுப்பு இரும்புக் குழாயில் அடிக்கரியைப் பட்டாணி அளவில் உடைத்து நிரப்பி, ஒரு முனையில் செம்புக் குழாய் வழியாக நீராவி, மறுமுனை திறந்தபடி. கால்வனைஸ் குழாயை இதற்குத் தொடவே கூடாது; துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

குழாய் ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் நீராவியைத் திறந்தோம். சில நொடிகளில் மறுமுனையில் வாயு வந்தது. பந்தத்தைக் காட்டியதும் பற்றியது. நீலச் சுடர், அடியில் மட்டும் லேசான ஊதா. நீராவியைக் கூட்டினால் சுடர் நீளும், உடனே குழாயின் நிறம் மங்கும், ஏனென்றால் இந்த வினை வெப்பத்தை விழுங்குகிறது. குழாயின் நிறமும் சுடரின் நீளமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்கிற இடத்தில் துருத்தியையும் நீராவியையும் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டறைக்காரர் மீட்டர் எதுவும் இல்லாமல் குழாயின் நிறத்தை மட்டும் பார்த்து இதைச் செய்தார். அந்த வாயுவும் நல்ல எரிபொருள்தான். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் ஓடிய கரிவாயுவுக்கு இது நெருங்கிய சொந்தம். ஆனால் அதில் பாதி கார்பன் மோனாக்சைடு. வாடையே இல்லாமல் ஆளைக் கொல்லும். சுடர் அணைந்தால் உடனே மீண்டும் பற்ற வைக்க வேண்டும். நாலு பக்கமும் திறந்த இடம் தவிர வேறெங்கும் இதைச் செய்யாதீர்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியதில் கரியின் எடை கிட்டத்தட்டப் பாதியானது. மிஞ்சியதை வினிகர் கலந்த தண்ணீரிலும் அப்புறம் வெந்நீரிலும் அலசிக் காயவைத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்தேன். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம்.

துளை திறந்ததா என்று பார்க்க எளிய வழி மெத்திலீன் நீலம். அலங்கார மீன் கடையில் பூஞ்சைக்கு மருந்தாகக் கொடுப்பார்கள். மூன்று டம்ளர் தண்ணீரில் ஒரே அளவு சொட்டு விட்டு, ஒன்றில் வெறும் அடிக்கரி, இன்னொன்றில் நீராவி பட்ட கரி, மூன்றாவதில் கடையில் வாங்கிய வடிகட்டிக் கரியின் தூள். காலையில் பார்த்தால் முதல் டம்ளர் அப்படியே நீலம். இரண்டாவது வெளிறிய வானநிறம். மூன்றாவது குடிதண்ணீர் மாதிரி தெளிவு. கொல்லுப்பட்டறைக் கரி பாதி தூரம் வந்திருக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது.

கெப்பாசிட்டர் கட்டியது

சாமான்கள் எல்லாம் கோவை, திருப்பூர் பக்கத்திலேயே கிடைத்தன. மின்சாரம் வாங்கும் தகடுக்கு கிராஃபைட் கேஸ்கட் ஷீட்; பம்ப், பாய்லர் உதிரிபாகக் கடையில் இருக்கும், உள்ளே ஸ்டீல் தகடு வைக்காததாகக் கேட்டு வாங்க வேண்டும். கரைசலுக்குச் சோடியம் சல்பேட். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் இதைக் குளோபர் உப்பு என்று மூட்டை மூட்டையாக வாங்குகின்றன. லிட்டருக்கு 142 கிராம். சமையல் உப்பும் வேலை செய்யும், ஆனால் வோல்டேஜ் சற்று ஏறினாலே குளோரின் வாடை அடிக்கும், கிளிப் எல்லாம் துருப்பிடிக்கும்.

கரித்தூளை இந்தக் கரைசலில் இட்லி மாவை விடக் கெட்டியாகக் குழைத்து, சைக்கிள் டியூபில் வெட்டிய சதுர வளையத்துக்குள் ஒரு கிராம் அளவு நிரப்பினேன். அதன் மேல் கரைசலில் நனைத்த பழைய வேட்டித் துணி இரண்டு மடிப்பு. அதன் மேல் இன்னொரு வளையம், இன்னொரு கிராம். இரு பக்கமும் கிராஃபைட் ஷீட், வெளியே கண்ணாடித் துண்டுகள், நாலு பக்கமும் பேப்பர் கிளிப். பசை எதுவும் சேர்க்கவில்லை, அழுத்தமே பிடிப்பு. கிளிப்பை நாலிலிருந்து எட்டாக்கியதும் உள் மின்தடை பாதிக்கு மேல் இறங்கியது. தூளுக்குத் தூள் தொடுவதுதான் பாதை என்பதால் இறுக்கத்தில் கஞ்சத்தனம் கூடாது.

தண்ணீர் 1.23 வோல்ட்டில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியத் தொடங்கும். அதனால் 0.9 வோல்ட்டோடு நிறுத்திக்கொண்டேன். அளக்கும் முறை சுலபம்: 0.9 வரை ஏற்றி அரை மணி நேரம் அப்படியே பிடித்து, 10 ஓம் மின்தடை வழியாக இறக்கி, வோல்டேஜ் 0.33-க்கு வர எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும். நொடியை ஓமால் வகுத்தால் ஃபாரட், அதாவது கெப்பாசிட்டர் எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு. நீராவி பட்ட கரி 70 நொடி நின்றது, 7 ஃபாரட். வடிகட்டிக் கரி 110 நொடி. வெறும் அடிக்கரி ஓரிரு நொடிக்குள் விழுந்துவிட்டது. நடுக்கரியில் மீட்டர் ஏறவே தயங்கியது. தரையில் கேட்ட சத்தம், மல்டிமீட்டர், நீல டம்ளர் மூன்றும் சொன்ன அதே வரிசை.

மூன்று செல்லைத் தொடராக இணைத்தால் 2.7 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. 1.8-இல் எரியும். ஐந்தாறு நிமிடம் பளிச்சென்று எரிந்து, அப்புறம் நெடுநேரம் மங்கலாக நின்றது. ஏற்றியதை அப்படியே விட்டால் மறுநாள் காலையில் பாதி வோல்டேஜ்தான் மிச்சம். துணிக்குள் தங்கும் கரித்தூளும் தண்ணீரில் கரைந்த அழுக்கும் கசிய விடுகின்றன.

இங்கே கணக்கை நேராகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கரியில் பேட்டரி" என்று கேட்டதும் வீட்டுக்கே மின்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். என் செல்லில் ஒரு கிராம் கரிக்குச் சேர்வது ஒன்றரை ஜூலுக்கும் குறைவு. அதே கிராமை எரித்தால் 30,000 ஜூல். இருபதாயிரம் மடங்கு வித்தியாசம். தொழிற்சாலையில் செய்த சூப்பர் கெப்பாசிட்டரே கிலோவுக்கு 5 முதல் 8 வாட்-மணிதான். லித்தியம் பேட்டரி 150-க்கு மேல் பிடிக்கும். கெப்பாசிட்டரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எரித்த கரி ஒரே தடவையில் சாம்பல். இதுவோ நொடிகளில் ஏறி நொடிகளில் இறங்கும், லட்சக்கணக்கான முறை. இன்றைய பெரிய காற்றாலைகள் பலவற்றில், மின்தொடர்பு அறுந்தால் இறக்கைகளைத் திருப்பி ஆலையை நிறுத்துவதற்கு அவசர மின்சாரம் தருவது சூப்பர் கெப்பாசிட்டர். தாராபுரம், பல்லடம் சாலையில் போனால் காற்றாலைகளுக்குக் கீழேயே தென்னந்தோப்பு. அங்கே விழும் தொட்டிக்கும் மேலே சுற்றும் இறக்கைக்கும் இப்படி ஓர் உறவு சாத்தியம் என்பது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம்.

இதற்கும் மேலே ஒரு சூடு உண்டு. ஆக்சிஜன் படாமல் 1,000 டிகிரிக்கு மேல், 1,400 வரை கொண்டுபோனால் தொட்டிக்கரி கடினக் கார்பன் ஆகிறது. சோடியம் அயனி பேட்டரிக்கு எதிர்மின்முனை (நெகட்டிவ்) அதுதான், ஏனென்றால் லித்தியம் நுழைகிற கிராஃபைட் அடுக்குக்குள் சோடியம் சரியாக நுழைவதில்லை. ஸ்டீவன்ஸ், டான் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2000-இல் சர்க்கரைக் கரியிலிருந்து செய்து, கிராமுக்கு 300 மில்லி ஆம்பியர்-மணி பிடிப்பதைக் காட்டினார்கள். கொல்லுப்பட்டறை உலையால் எட்ட முடியாத இடம் அது. ஆர்கான் ஓடும் மின் உலை வேண்டும். நம் களத்தில் செய்யக்கூடியது, அந்த உலைக்குப் போகிற கரியைப் புகையில்லாமல் சுட்டு, ஓரம், நடு, அடி என்று பிரித்துக் கொடுப்பது. இப்போது எல்லாம் ஒரே மூட்டையில் ஒரே விலைக்குப் போகிறது. முப்பது நொடி மல்டிமீட்டர் வைத்தால் தரம் பிரித்துவிடலாம் என்பதைக் கரி வாங்குகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வேலை கொப்பரை. இலங்கையில் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகித் தரையில் வரிசையாக அடுக்கி, ஒரு முனையில் பற்ற வைத்து, மேலே தட்டியில் பருப்பைப் பரப்பி உலர்த்துவார்கள். தீ மெதுவாக நகரும், சூடு சீராக இருக்கும். ஆனால் புகை பருப்பில் ஏறும். எங்கள் டிரம்மின் புகைபோக்கியை நேராக விடாமல் உலர்த்தும் கொட்டகைக்குள் தரையோடு ஓட்டி, மறுபக்கம் மேலே எடுத்தால் குழாயின் சூடு மட்டும் பருப்புக்குப் போகும், புகை தொடாது. படுக்கைக் குழாய் நீளமானால் இழுவை குறையும் என்பதால் வெளிப்பக்கக் குழாயைப் பத்தடிக்கு உயர்த்தி, அதன் அடியில் சாம்பல் எடுக்க ஒரு கதவும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் வெல்டிங் முடிந்துவிட்டால், இந்த வருஷக் கொப்பரை பூஞ்சை பிடிக்காமல் தப்பும் என்று மாமா நம்புகிறார். குழாய் வாங்கியாயிற்று.